உங்கள் மகள் பத்திரமாக இறங்கிவிட்டாள்

அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள். பள்ளி நாட்களில் மதியம் மூன்று மணிக்குச் சற்று முன்னால் பல பெற்றோரின் கைப்பேசிகளில் அது வந்து விழும். உங்கள் மகள் பத்திரமாக இறங்கிவிட்டாள். பையன் என்றால் மகன் என்று வரும்.

எங்கள் ஆட்கள் முதலில் எழுதியிருந்தது வேறு. கார்டு எண், பஸ் எண், நேரம், அவ்வளவுதான். படித்துப் பார்த்தபோது மின்கட்டண ரசீது மாதிரி இருந்தது. பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களுக்கு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்டுவிட்டு நானே மாற்றி எழுதினேன். ‘பத்திரமாக’ என்ற சொல்லைச் சேர்த்ததும் நான்தான். முதலாளி வாசித்துவிட்டுத் தலையாட்டினார். “ஒரு அம்மாதான் இப்படி எழுத முடியும்” என்றார். அன்று எனக்கு அது பாராட்டாக இருந்தது.

புனேயில், போசரி தொழிற்பேட்டையில் இருந்த சின்ன நிறுவனம் அது. அலுவலகங்களுக்கு வருகைப் பதிவுக் கருவி செய்துகொண்டிருந்தோம். நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் முடிந்து, எங்கள் வீடு இருந்த வாகட் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீடுகள் பெருகின. பள்ளிப் பேருந்துகளில் இந்தக் கார்டை வைத்தால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றியது. பிள்ளையின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்குள்ளேயே சிப்பை வைத்துவிடுவது, பேருந்து வாசலில் ஒரு ரீடரைப் பொருத்துவது, அட்டையைக் காட்டியதும் ‘பீப்’ என்று ஒலித்து அம்மா அப்பாவுக்குச் செய்தி போவது. முதல் பள்ளியாக என் மகள் படித்த பள்ளியையே பிடித்துக்கொடுத்ததும் நான்தான். முதல்வரிடம் போய் ஒரு மணி நேரம் பேசினேன்.

எனக்கு அது அவ்வளவு தேவையாக இருந்ததன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கணவரும் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்தோம். மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, கணபதி விசர்ஜன ஊர்வலம் பார்க்க அவளை லக்ஷ்மி ரோட்டுக்கு அழைத்துப்போனார். எனக்குக் காய்ச்சல், போகவில்லை. இருட்டும் நேரத்துக்கு இருவரும் திரும்பி வந்தார்கள். மகளின் சட்டையெல்லாம் குலால் பொடியின் சிவப்பு. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, கடைத்தெருவில் யாரையோ பார்த்ததைச் சொல்வது போலச் சொன்னார், கூட்டத்தில் கை நழுவிவிட்டது, தேடி அலைந்தேன், கடைசியில் போலீஸ் சௌக்கி பெஞ்சில் உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தாள் என்று.

“எத்தன நேரமுங்க?” என்று கேட்டேன்.

“ஒரு ஒண்ணரை மணி நேரம் இருக்கும். அட, கெடச்சுட்டா இல்ல, உடு புள்ள.”

“கெடைக்காமப் போயிருந்தா?”

“கெடைக்காமப் போகலையே. அம்மிணி, அம்மாகிட்டச் சொல்லு, போலீஸ்காரரு உனக்கு ரெண்டு வடாபாவ் வாங்கிக் குடுத்தாரா இல்லையா?”

மகள் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் நான் இங்கே வீட்டில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியுடன் பேசினேன். என் பிள்ளை காணாமல் போயிருந்த நேரத்தில் எனக்குத் தலைவலியைத் தவிர எந்தக் கவலையும் இருக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் தொலைந்தது கூட இல்லை, எனக்குத் தெரியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு அவரோடு அவளைத் தனியாக அனுப்புவதைக் குறைத்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். அவர் இரண்டொரு முறை கேட்டார், பிறகு கேட்கவில்லை. பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ஊரின் மறுகோடியில் ஹடப்சரில் வேலை கிடைத்தது, ஷிஃப்ட் என்றார், அங்கேயே ஓர் அறை எடுத்தார். வாரம் ஒரு முறை வந்தவர் மாதம் ஒரு முறை வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பாக ஆகிவிட்டார். மகள்தான் எடுப்பாள். நான் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அவளை வெளியே எங்கும் கூட்டிப்போகக் கூடாது என்று அவரிடம் நான் சொன்னது மட்டும் அப்படியே இருந்தது. அவரும் மீறியதில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். இரண்டு மணிக்குப் பள்ளி விடும், இரண்டு ஐம்பதுக்குப் பேருந்து வாகட் வந்து சேரும். தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு நான் வரும் ஆறரை மணி வரை தனியாக இருப்பாள். மூன்றரைக்கு நான் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை.

“சாப்ட்டியா கண்ணு?”

“ம்.”

“கதவத் தாழ் போட்டியா?”

“ம்.”

“காஸ மூடினியா?”

“அம்மா, நான் காஸையே திறக்கல பாபா. தினமும் என்ன இது, எக்ஸாமா?”

இப்படித்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அதுவே போதுமானதாக இருந்தது.

கார்டைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், சென்னையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த பொறியாளர் பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். அந்த அலுவலகத்தில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“இந்தக் கார்டு சரியான ஓட்டவாய்க்கா. யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லிடும். கேக்கறது யாரு, எதுக்குக் கேக்கறாங்கன்னு ஒண்ணும் பாக்காது.”

அவள் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. கார்டுக்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் கடுகளவு சிப்பும்தான் இருக்கும். பேட்டரி கிடையாது. ரீடரிலிருந்து வரும் அலையையே மின்சாரமாக்கிக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். எந்த ரீடர் கேட்டாலும் அதே எண். பையில் ரீடரோடு பள்ளி வாசலில் நிற்கும் எவனும் ஒரு பிள்ளையின் எண்ணை எடுத்துக்கொள்ளலாம், அதை இன்னொரு வெற்றுக் கார்டில் ஏற்றிவிடலாம். இதைவிட நல்ல கார்டுகள் இருந்தன. அவற்றில் ரீடர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கேள்வி போடும். கார்டு தன்னிடம் இருக்கும் ரகசியத்தை அதனோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். இன்றைய விடையை ஒட்டுக்கேட்டு வைத்திருப்பவனுக்கு நாளைக்கு அது உதவாது.

“இன்னும் நல்லதும் இருக்குக்கா. அதுல கார்டு மொதல்ல ரீடரையே கேக்கும். நீ யாருன்னு நீ சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்னு. ரீடர் சரியா பதில் சொன்னாத்தான் கார்டு வாயைத் திறக்கும்.”

“ஸ்கூல் பஸ்ஸுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? ஒன்பதாங்கிளாஸ் புள்ளயோட கார்ட எவன் காப்பி அடிக்கப் போறான்?”

“சரி, அத விடுங்க. மெசேஜாவது மாத்துங்க. நமக்குக் கார்டு வந்துச்சுன்னுதான் தெரியும், பொண்ணு வந்துச்சான்னு தெரியாது. ‘உங்கள் கார்டு பத்திரமாக இறங்கிவிட்டது’ன்னு போடுங்க.”

இருவரும் சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம் என்பது நினைவிருக்கிறது.

அந்த நல்ல கார்டுகளை வரவழைத்துச் சோதித்து முடிக்கத் தீபாவளி ஆகிவிடும் என்றார்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. அதுவரை காத்திருக்க என்னால் முடியாது. ‘இந்தப் பயன்பாட்டுக்குப் போதுமானது’ என்று சோதனை அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் கடைசிச் சோதனைகளை வீட்டில் முடிக்கலாம் என்று ரீடரையும், கார்டில் எண் ஏற்றும் கருவியையும், ஒரு கட்டு வெள்ளைக் கார்டுகளையும் கொண்டுவந்தேன். மகள் விடுமுறையில் இருந்தாள். என் வேலை என்னவென்று அவள் ஆர்வமாகக் கேட்டது அந்த ஒரு முறைதான். அவளுடைய புதிய அடையாள அட்டையைக் கருவியின் மேல் வைத்தேன், பிறகு ஒரு வெள்ளைக் கார்டை வைத்துப் பொத்தானை அமுக்கினேன். ரீடரிடம் காட்டியதும் அவளுடைய பெயர் வந்தது.

“அரே! மத்லப், அப்படின்னா இதுவும் நானா?”

“மெஷினுக்கு இதுவும் நீதான்.”

“அப்போ நான் ரெண்டு பேர். ஒருத்தி ஸ்கூல் போவா, ஒருத்தி தூங்குவா.”

அவளையே ஒரு முறை செய்து பார்க்கச் சொன்னேன். சரியாகச் செய்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சோதனை முடிந்து கார்டுகளைத் திரும்பக் கொடுத்தபோது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜூனில் செய்திகள் வரத் தொடங்கின. இரண்டு பத்துக்கு ‘ஏறிவிட்டாள்’. இரண்டு ஐம்பதுக்கு ‘பத்திரமாக இறங்கிவிட்டாள்’. நானே எழுதிய வாக்கியம் என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் அதைப் படித்ததும் தோள்பட்டை இறுக்கம் தளர்வதை உணர்ந்தேன். மூன்றரை மணி அழைப்பு முதலில் நடுநடுவே விட்டுப்போனது. பிறகு நின்றே போனது. அவள் பெரியவளாகிவிட்டாள், எரிச்சல்படுகிறாள், எதற்குத் தொந்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாவ்ஷி இருந்தார். மராத்தியில் சின்னம்மா. முன்பெல்லாம் கையில் நோட்டுப் புத்தகத்தோடு படியருகே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொல்லி ஏற்றுவார். ரீடர் வந்த பிறகு நோட்டு தேவையில்லை என்று பள்ளி சொல்லிவிட்டது. அவர் ‘பீப்’ ஒலியைக் கேட்டால் போதும். அவரும் சின்னப் பிள்ளைகளின் பைகளை வாங்கி வைப்பதில் கவனமாக இருந்தார்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. வேறொரு பள்ளியிலிருந்து முதல்வரும் நிர்வாகிகள் இருவரும் எங்கள் கருவியைப் பார்க்க இரண்டரை மணிக்கு வந்திருந்தார்கள். விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. எல்லாம் காட்டி முடித்துவிட்டு, என் கைப்பேசியையே எடுத்து அவர்களிடம் நீட்டினேன். “இது என் சொந்த மகள். இருபது நிமிடத்துக்கு முன்னால் வீட்டருகே இறங்கியிருக்கிறாள். நான் இங்கே நிம்மதியாக உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.” முதல்வர் செய்தியை வாசித்துப் புன்னகைத்தார்.

கைப்பேசி அவர் கையில் இருக்கும்போதே அடித்தது. தெரியாத எண். வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

ஒரு பெண் குரல், மராத்தியில். “மேடம், துமச்சி முல்கி இதே ஆஹே.” உங்கள் மகள் இங்கே இருக்கிறாள். ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். அப்பாவுக்கு நிலைமை மோசம், பெண் தனியாக இருக்கிறாள், உடனே வாருங்கள் என்றாள்.

“தப்பான நம்பர். என் மகள் வீட்டில் இருக்கிறாள்” என்றேன்.

அவள் என் மகளின் பெயரைச் சொன்னாள். எனக்குப் பயத்துக்குப் பதிலாகக் கோபம் வந்தது. இவளுக்குப் பெயரும் எண்ணும் எப்படிக் கிடைக்கும்? அவர்தான் கொடுத்திருப்பார். பிள்ளையைப் பார்க்க இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். “என் மகள் இரண்டு ஐம்பதுக்கு வீட்டில் இறங்கிவிட்டாள், எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுத் துண்டித்தேன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே எண். “மேடம், நான் பொய் சொல்லவில்லை, பெண் என் பக்கத்தில்தான் நிற்கிறாள்” என்றாள்.

“அவள் என் மகள்தான் என்பதற்கு என்ன ப்ரூஃப்? போனை அவளிடம் கொடு, பேசட்டும்.”

கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. தூரத்தில் யாரோ எதையோ உருட்டிக்கொண்டு போனார்கள். அருகில் மூச்சு மட்டும் கேட்டது. சளி பிடித்தவர்களின் மூச்சு மாதிரி, வாயால் விடும் மூச்சு.

“யார் அது?” என்றேன். “பேசு.”

மூச்சுதான். நான் மூன்று வரை எண்ணியிருப்பேன். துண்டித்துவிட்டு, கைப்பேசியின் ஒலியையும் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பேருந்து பழுதாகி நின்றால் செய்தி எப்படிப் போகும் என்பதை விளக்கினேன்.

அவர்கள் நாலரைக்குக் கிளம்பினார்கள். தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது, சும்மா, காரணமில்லாமல்தான் வீட்டுக்கு அழைத்தேன். மாதக்கணக்கில் செய்யாத அழைப்பு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழைத்தேன். மூன்றாம் முறை அடிக்கும்போது என் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்திலேயே, அதே பேருந்தில் வரும் அவளுடைய தோழி வீட்டுக்கு அழைத்தேன். தோழியே எடுத்தாள். நான் மகளின் பெயரைச் சொன்னதும் அழத் தொடங்கிவிட்டாள். “ஆன்ட்டி, அவ பஸ்ல வரல. அவ கார்டு என் பைல இருக்கு. வெள்ளைக் கார்டு. ப்ளீஸ் ஆன்ட்டி, அவளத் திட்டாதீங்க.”

செவ்வாயும் வெள்ளியும் தோழி தன் அட்டையைக் காட்டிவிட்டு, பையையும் ஒரு முறை ரீடருக்கருகே கொண்டுபோவாளாம். இரண்டு பீப். வாகட்டில் இறங்கும்போதும் இரண்டு. பள்ளி வாசல் காவலாளிக்குப் புகைப்படம் உள்ள அட்டையைக் காட்டித்தான் வெளியே போக முடியும் என்பதால் அது என் மகளின் கழுத்திலேயே இருந்திருக்கிறது. ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்க வேண்டியிருந்தது. அதற்கான வழியை நான்தான் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

போசரியிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனேன். தாபோடி பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அந்த எண்ணுக்கு நான் திரும்ப அழைத்தபோது அதே பெண்தான் எடுத்தாள். குரலில் கோபம் இல்லை. “லவ்கர் யா, தாயீ” என்றாள். சீக்கிரம் வாருங்கள், அக்கா. அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், பெண்ணுக்குப் பிஸ்கட் கொடுத்தோம், சாப்பிடவில்லை என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி ஆகப்போகிறது. மாடியில் டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகளின் வரிசையில் கடைசியில் அவள் இருந்தாள். பள்ளிச் சீருடை, கழுத்தில் அட்டை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அவருடைய செருப்பு, கைக்கடிகாரம், பாதி குடித்த தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை.

“அப்பா மூணேகாலுக்கே போயிட்டார்மா” என்றாள்.

போன் செய்த நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்தாள். என் எண் எப்படிக் கிடைத்தது என்று அப்போதுதான் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் குனிந்து என் மகளின் கழுத்தில் இருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பின்புறம் என் கைப்பேசி எண் அச்சாகியிருந்தது. அவசரத்துக்கு உதவும் என்று, முன்பக்கம் போதாதென்று, பின்புறமும் போடச் சொன்னது நான். வராந்தாவில் நின்றபோது “என் நம்பர் எப்படிக் கிடைத்தது” என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்கு நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

முதல் அழைப்பு வந்தபோது அவர் உயிரோடு இருந்திருக்கிறார். நான் உடனே கிளம்பியிருந்தாலும் பார்த்திருக்க முடியாது. அதை டாக்டரும் சொன்னார், பிறகு பலரும் சொன்னார்கள். என் கவலை அது இல்லை. மூணேகாலிலிருந்து ஆறு மணி வரை பதினாலு வயதுப் பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் தனியாக இருந்தாள். போலீஸ் சௌக்கி ஒன்றரை மணி நேரத்துக்காக ஒரு மனிதரைப் பத்து வருடம் தள்ளி வைத்தவள் நான்.

அவருடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து காரியங்களைச் செய்தார். எல்லோரும் போன பிறகு ஒரு மதியம் மகளிடம் கேட்டேன்.

“உனக்கு எப்படிக் கண்ணு தெரியும், அப்பாவுக்கு முடியலன்னு?”

“சண்டே போன்ல வாய்ஸ் ரொம்ப வீக்கா இருந்துது. க்யா ஹுவா, என்ன ஆச்சுன்னு கேட்டேன். ஃபர்ஸ்ட் சொல்லல. அப்புறம்தான் கிட்னி, மெஷின், எல்லாம் சொன்னார்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா விட்டிருப்பியா?”

நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

“அப்பாவும் சொல்லாதேன்னார். ‘அம்மா பயந்துக்குவா அம்மிணி’ன்னார். நான் வர்றதே அவருக்குப் பிடிக்கல, மொதல்ல. திட்டினார். அம்மாவுக்குக் குடுத்த வார்த்தைன்னார். அப்புறம் நான் போனா ஜோக் சொல்வார். ஃபோர் அவர்ஸ் அந்த மெஷின்ல சும்மா படுத்திருக்கணும்மா. போர் அடிக்கும்ல.”

அவளே மேலே சொன்னாள். “ஃபர்ஸ்ட் டைம் போனப்போ ரொம்ப பயமா இருந்துது. நீ த்ரீ தர்ட்டிக்கு போன் பண்ணுவே, நான் எடுக்கலேன்னா மாட்டிப்பேன்னு. நீ பண்ணவே இல்ல. அடுத்த வாரமும் பண்ணல. மெசேஜ் வந்துதுல்ல, அதான்.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல்.

“ஆஸ்பத்திரில நர்ஸ் போன் குடுத்தப்போ ஒரு வார்த்த பேசியிருக்கலாமே கண்ணு. அம்மான்னு ஒரு வார்த்த.”

“நீ ப்ரூஃப் கேட்டே. நான் என்ன ப்ரூஃப் குடுக்கறது?”



பள்ளியில் விசாரித்தார்கள். மாவ்ஷியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் முதல்வரிடம் போய், தவறு என்னுடையது, அந்தச் செய்தியை எழுதியவள் நான் என்று சொன்னேன். அவர் அன்பாகவே கேட்டுக்கொண்டார். இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, ஆள்தான் கவனிக்கவில்லை என்றார். மாவ்ஷி பிறகு எங்கே போனார் என்று தெரியவில்லை. பேருந்து நிற்கும் இடத்தில் கேட்டுப் பார்த்தேன்.

முதலாளியிடம் செய்தியை மாற்றச் சொன்னேன். ‘கார்டு படிக்கப்பட்டது’ என்று மட்டும் வரட்டும் என்றேன். பெற்றோர் யாரும் விரும்பமாட்டார்கள் என்றார். உண்மைதான். நானே விரும்பியிருக்க மாட்டேன். கடைசியில் ‘பத்திரமாக’ என்ற சொல்லை மட்டும் எடுத்தார்கள். நான் வேலையை விட்ட பிறகு, சென்னைப் பெண் அந்த நல்ல கார்டுகளை வரவழைத்துப் பொருத்தினாள். தொலைபேசியில் சொன்னாள்: “இனிமே யாரும் காப்பி பண்ண முடியாதுக்கா.” பிறகு கொஞ்சம் தயங்கி, “ஆனா கார்டையே கழட்டி ஃப்ரெண்டுகிட்டக் குடுத்தா ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள். அவள் எதையும் மறைக்கத் தெரியாதவள்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பயிற்சி நிலையத்தில் இப்போது எனக்கு வேலை. மகள் ஜூனியர் காலேஜ் போகிறாள். செவ்வாய், வெள்ளி அவள் எங்கே போகிறாள் என்று நான் கேட்பதில்லை. மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று தெரியும். வரும் நேரம் தெரியாது. கைப்பேசியில் குறுஞ்செய்தி ஒலியை நிறுத்தியே வைத்திருக்கிறேன். அங்காடியில் கல்லாவில் பீப் சத்தம் கேட்டால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன்.

மூன்றரைக்கு வீட்டுத் தொலைபேசிக்கு அழைக்கிறேன். முதல் வருடம் அவள் எடுப்பாள், ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவாள். அடுத்த வருடம் வைக்காமல் இருந்தாள். இப்போது எடுத்ததும் கேட்கிறாள்.

“யாரு?”

அந்த நேரத்தில் அந்த எண்ணுக்கு வேறு யாரும் அழைப்பதில்லை. அவளுக்குத் தெரியும்.

“அம்மா” என்கிறேன். “சாப்ட்டியா, காஸ மூடினியா, ஒண்ணும் கேக்கல கண்ணு. சும்மாதான் கூப்பிட்டேன்.”

உடனே பதில் வராது. சில நாள் வரும், சில நாள் வராது. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்கிறது. வாயால் விடும் மூச்சு, சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான்.